வெட்டி எடுக்கப்பட்ட கடைசி நொடிகள்

தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். வண்டி மெதுவாக அவர்களைத் தாண்டிப்போய்த் திரும்புகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் சட்டென்று குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. மற்ற பையன்கள் கத்திக்கொண்டே துரத்துகிறார்கள். வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் கைக்குக் கை மாறிய வீடியோ இது. கூடவே குரல் பதிவுகளும் வந்தன. வடமாநிலங்களிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கிவிட்டது, தமிழ் தெரியாதவர்களைக் கண்டால் விடாதீர்கள் என்று அவை எச்சரித்தன. வாசலில் விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார்கள் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ராத்திரி வேளைகளில் இளைஞர்கள் கட்டையோடு ஊரெல்லையில் காவல் நின்றார்கள்.

உண்மையில் அந்த வீடியோ எடுக்கப்பட்ட இடம் பாகிஸ்தானின் கராச்சி. காணாமல்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ரோஷ்ணி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வருகிறது. குழந்தையைப் பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள். ஒருவர் கையில் ஓர் அட்டையைப் பிரித்துக் காட்டுகிறார். தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப்போக ஒரு கணம் போதும், கவனமாக இருங்கள் என்பதே அதன் செய்தி. யாரோ அந்தக் கடைசி நொடிகளை மட்டும் வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நம்மூர் செல்போன்களுக்கு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் கடைசியில், குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இந்தி மட்டுமே பேசத் தெரிந்த ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் ஒரு கார் மறிக்கப்பட்டது. சென்னையிலிருந்து உறவினர்களோடு கோயிலுக்கு வந்துகொண்டிருந்த 65 வயது அம்மா ஒருவர் அதில் இருந்தார். வழி கேட்கக் காரை நிறுத்தியிருந்தார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று பேச்சு பரவக் கூட்டம் கூடியது. அந்த அம்மா உயிரிழந்தார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவர் கொல்லப்பட்டார்.

இந்த வதந்தியை எந்த அமைப்பு கிளப்பியது என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு கொடியோ பெயர்ப்பலகையோ இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மத வெறுப்பையும் சாதி வெறுப்பையும் தொழிலாகவே நடத்தும் கூட்டங்கள் கையாளும் உத்தி இதுவேதான். நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வது, அதன் தலையையோ வாலையோ வெட்டுவது, ஒரு கூட்டத்தாரின் மேல் ஒட்டுவது, பயந்தவர்கள் கைக்கு அனுப்புவது. இதற்கு ஓர் ஊர் என்ன பதில் சொல்ல முடியும் என்பதை வேலூர், ஆம்பூர் தோல் பட்டையில் இருந்துகொண்டு யோசித்துப் பார்ப்பது பொருத்தமானது. இங்கே வாழ்க்கையே பல வகை மனிதர்களைச் சேர்த்துத் தைத்ததுதான்.

பாலாற்றங்கரையின் பல மொழிகள்

ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய இந்த வட்டாரம் நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரும் பங்கைச் சுமக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊர்களும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களுக்குள் போயின. தொழில் மட்டும் பிரியவில்லை. தோல் ஷாப்புகளையும் ஷூ கம்பெனிகளையும் நடத்துபவர்களில் முஸ்லிம்கள் அதிகம். தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, சதை நீக்கி, பதப்படுத்தும் கடும் வேலையில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் தலித் மக்கள் அதிகம். ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் எல்லாச் சாதி, மதப் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா, வங்காளம் என்று வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆம்பூர் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தக்கனி உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும். ஒரே ஆள் மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவதையும் கேட்கலாம். கிறிஸ்தவ மிஷன் தொடங்கிய ஆஸ்பத்திரியும் பள்ளியும், முஸ்லிம் கல்விச் சங்கங்கள் தொடங்கிய கல்லூரிகளும், இந்துக்கள் தொடங்கிய பள்ளிகளும் நூற்றாண்டு கடந்தோ நூற்றாண்டை ஒட்டியோ இங்கே நிற்கின்றன. அவற்றில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள்.

இதனால் இந்த வட்டாரத்தில் சச்சரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொலைகள் நடந்து ஊர் பதறிய நாட்கள் உண்டு, கலவரம் நடந்த இரவும் உண்டு. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019இல் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டியிருந்தது. மயானத்துக்குப் போகும் வழி அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆக, இங்கே விலக்கலும் பழையது, பழக்கமும் பழையது. வெறுப்புப் பிரசாரம் முதலாவதைப் பெரிதாக்கி இரண்டாவதை மறக்கடிக்கப் பார்க்கிறது.

2018 குடியாத்தம் சம்பவத்தில் நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்று உண்டு. கொல்லப்பட்டவருக்குத் தெரிந்தது இந்தி. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பகுதிகளில் உருது பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்திக்காரரின் பேச்சு உருதுக்காரருக்குப் புரியும். "யாருய்யா நீ, எங்கே போறே" என்று அவருடைய மொழியிலேயே கேட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்திருப்பார். கூட்டம் அப்படி ஒருவரைத் தேடவில்லை. அவர்கள் கையிலிருந்த வீடியோவே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தது.

சோற்றில் கலக்கும் பொய்

ஆம்பூர் என்றாலே பிரியாணிதான் நினைவுக்கு வரும். சீரகச் சம்பா அரிசி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. சென்னை, பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற யாரும் இறங்கிச் சாப்பிடும் சோறு. வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கு இந்தப் பானை மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. சாதி, மதம் பாராமல் ஒருவர் சமைத்து ஒருவர் சாப்பிடும் இடம் என்பதால் அங்கே சந்தேகத்தை விதைப்பது சுலபம், விளைச்சலும் அதிகம்.

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு ஜோத்பூரிலிருந்து இரண்டாயிரம் கிலோவுக்கும் மேல் இறைச்சி வந்து இறங்கியது. நாய்க்கறி என்று செய்தி பறந்தது. டிவியில் ஓடியது, வாட்ஸ்ஆப்பில் ஓடியது, பிரியாணிக் கடைகளில் வியாபாரம் படுத்தது. சில நாட்களில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது. அது ஆட்டிறைச்சிதான். முதல் செய்தி ஓடிய வேகத்தில் கால்வாசிகூட இந்த முடிவு ஓடவில்லை.

2020இல் இன்னும் கொடிய பொய் ஒன்று கோயம்புத்தூரை வைத்துக் கிளப்பப்பட்டது. முஸ்லிம்கள் நடத்தும் ஹோட்டலில் இந்துக்களுக்கு மட்டும் கருத்தடை மாத்திரை கலந்த பிரியாணி பரிமாறுகிறார்கள் என்றது அந்தப் பதிவு. கோவை மாநகரக் காவல்துறை அதைப் பொய் என்று வெளிப்படையாக அறிவித்தது.

இந்தப் பொய் கோவையில் பிறந்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2018 பிப்ரவரி 26 இரவு, இலங்கையின் அம்பாறையில் இதே கதை ஊரைக் கொளுத்தியிருந்தது. சாப்பாட்டுக் கடை ஒன்றில் குழம்பில் ஏதோ கட்டியாக இருந்ததைக் கண்ட ஒருவர், இது மலட்டு மாத்திரை என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் அவருக்கு அரைகுறை. மிரட்டியவர்களுக்கு அவர் தட்டுத்தடுமாறிச் சொன்ன பதிலை, ஒப்புக்கொண்டதாக வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு வாரத்தில் கண்டி மாவட்டம் திகனயில் பெரிய கலவரம் மூண்டது, மார்ச் 6ஆம் தேதி நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. குழம்பில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரசுப் பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். சோற்றில் கலந்து கொடுத்து ஒரு மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் கிடையாது. இலங்கைக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

அம்பாறையில் வெட்டப்பட்டது எது என்று பார்த்தால், கடைக்காரருக்குக் கேள்வி புரியவில்லை என்ற ஒரு சின்ன உண்மை. குடியாத்தத்தில் நடந்ததைப் போலவே அங்கும் இரண்டு மொழிக்கு நடுவே ஓர் ஆள் இல்லாமல் போனார்.

நோய்க்கு மதம் பூசிய நாட்கள்

கொரோனா வந்த 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் பலருக்குத் தொற்று இருந்தது. இது உண்மை. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் தாமாக முன்வந்து பரிசோதனை செய்துகொள்ளும்படி அரசு கேட்டுக்கொண்டதும், பலர் வந்ததும் உண்மை. இந்த உண்மையின் மேல்தான் பொய் ஏறி உட்கார்ந்தது. வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள், பழத்தில் எச்சில் துப்புகிறார்கள் என்று பழைய வீடியோக்களும் வேற்று நாட்டு வீடியோக்களும் வலம் வந்தன. முஸ்லிம் வியாபாரியிடம் காய்கறி வாங்காதீர்கள் என்ற பேச்சு நாட்டின் பல இடங்களில் கிளம்பியது.

அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஏப்ரல் தொடக்கத்திலேயே நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. ஊடகங்களில் இவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்ததையும் இவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் தீர்ப்பில் குறிப்பிட்டது.

மதத்தோடு இது நிற்பதில்லை. திருப்பத்தூருக்கு அண்டை மாவட்டமான தருமபுரியில், 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. ஒரு காதல் திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதையடுத்து, ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடைபோட்டுப் பேசினார்கள். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊர் ஊராகப் போனது. காதலித்த பெண்ணுக்கும் சொந்த மனசு ஒன்று இருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லில் வெட்டப்பட்ட பகுதி.

ஒரு பதில் பலித்த கதை

2023இல் தமிழ்நாடு இரண்டு பக்கத்து வெறுப்பையும் ஒரே நேரத்தில் பார்த்தது. ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் வீடியோ பரவியது. ஒரு சின்னத் தகராறில் தொடங்கிய சண்டை அது. ஆனால், வடக்கத்தியர்கள் தமிழரை அடிக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று தலைப்புப் போட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் காற்று மாறி வீசியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்கள் உயிருக்குப் பயந்து ஓடுபவர்களாகக் காட்டப்பட்டார்கள்.

அரசு செய்ததைக் கவனித்தால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு உடனே வீடியோவில் தோன்றினார். 'எல்லாம் பொய்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஒவ்வொரு வீடியோவாக எடுத்துப் பேசினார். ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்தது என்று விளக்கினார். மறுப்புகள் இந்தியிலும் வந்தன. தொழிலாளர்களுக்கு உதவி எண்கள் கொடுக்கப்பட்டன. காவல் அதிகாரிகள் அவர்கள் தங்கும் இடங்களுக்கே போய்ப் பேசினார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் பீகார் முதலமைச்சர் நிதிஷ் குமாரோடு பேசினார். பீகார் அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து தொழிலாளர்களைப் பார்த்துவிட்டு, அச்சப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. சில வாரங்களில் அடங்கிவிட்டது.

பொய் எந்த மொழியில் போனதோ அந்த மொழியில் மறுப்பும் போனது என்பதே இதில் முதல் சிறப்பு. வெட்டிய துண்டை மீண்டும் ஒட்டிக் காட்டியது இரண்டாவது. மூன்றாவது, பயந்தவர்களின் சொந்த ஊர் ஆட்களையே வரவழைத்துப் பார்க்கச் சொன்னது. பாட்னாவில் பிள்ளையை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்த ஒரு தாய், தமிழ்நாட்டுக் காவல்துறையை நம்பாமல் இருக்கலாம். அவர் ஊர் அதிகாரி சொன்னால் நம்புவார். அதே ஆண்டின் பிற்பகுதியில் தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றையும் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே யூடர்ன் போன்ற தமிழ்த் தளங்கள் இந்த வேலையைச் செய்துவருகின்றன.

மாவட்ட அளவில் இதைவிட அருமையான முன்மாதிரி தெலங்கானாவில் உண்டு. 2018இல் ஜோகுலாம்பா கத்வால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் ரெமா ராஜேஸ்வரி. தமிழ்நாட்டில் பரவிய அதே பிள்ளை பிடிக்கும் வதந்தி அங்கும் பரவியது. ஆனால், அதற்கு முன்பே அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கிராமத்துக்கு ஒரு காவலர் என்று பொறுப்புக் கொடுத்து, அவர் அந்த ஊருக்கு அடிக்கடி போய் மக்களோடு பழகும்படி செய்திருந்தார். ஊர் மக்களே காவலர்களிடம் வந்து, "பசங்க வெளியில படுக்க பயப்படுறாங்க, ஃபோன்ல என்னமோ வருது" என்ற பாங்கில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். காவலர்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுக்களில் சேர்ந்தார்கள். கிராமியப் பாடகர்களும் பறையடிக்கும் கலைஞர்களும் ஊர் நடுவில் நின்று, ஃபோனில் வருவதையெல்லாம் நம்பாதே என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவர் பொறுப்பில் இருந்த சுமார் 400 கிராமங்களில் ஓர் உயிர்கூட இந்த வதந்திக்குப் பலியாகவில்லை.

உண்மையான குறை இருக்கும்போது

எல்லாப் பிரசாரத்தையும் 'பொய்' என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. இதற்கு வேலூர்க் கோட்டையே சாட்சி. 1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்துக்கு ஒரு புதிய உத்தரவு வந்தது. நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோலால் செய்த சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருசேரக் கொதித்தார்கள். மதம் மாற்றப்போகிறார்கள் என்ற வதந்தி பாளையத்துக்குப் பாளையம் பரவியது. எதிர்த்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். கலகம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்ன முஸ்தபா பேக் என்ற சிப்பாயைப் பைத்தியம் என்று அடைத்துவைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை வெடித்தது. நூறுக்கு மேற்பட்ட ஐரோப்பியர்களும் நூற்றுக்கணக்கான சிப்பாய்களும் மாண்டபிறகுதான் தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள்.

வதந்தியின் அடியில் ஒரு நிஜமான அவமானம் இருந்தது. அதைச் சரிசெய்யாமல் வதந்தியை மட்டும் அடக்கப் பார்த்தார்கள்.

2015 ஜூன் மாதம் ஆம்பூர் பார்த்ததும் இந்த வகையைச் சேர்ந்தது. காவல்துறை விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் ஒருவர் இறந்துபோனார். ஜூன் 27 இரவு போராட்டம் கலவரமாக மாறி, வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் பலர் காயமடைந்தார்கள். கலவர வழக்கில் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல எட்டு ஆண்டுகளாகின. ஒரு சாவுக்கு நியாயம் கேட்டு எழுந்த கோபத்தை ஒரு மதத்தாரின் வன்முறைக் குணமாகச் சித்தரிப்பது வெறுப்பாளர்களுக்கு மிக எளிது. அதற்கு இடம் கொடுக்காமலிருக்க ஒரே வழி, நடந்ததை மறைக்காமல் உடனே சொல்வதும், தவறு செய்தவர் யாரானாலும் விசாரிப்பதும்தான். அதிகாரிகள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வாட்ஸ்ஆப் பேசிக்கொண்டே இருக்கும்.

ஊர் செய்யக்கூடியது

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்றொரு நகரம். 1993 டிசம்பரில் அங்கே ஒரு யூதக் குழந்தையின் அறை ஜன்னலில் கல் வந்து விழுந்தது. யூதர்களின் பண்டிகை விளக்கான மெனோராவின் படத்தை அந்த ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள், அதுதான் காரணம். உள்ளூர்ப் பத்திரிகையான பில்லிங்ஸ் கெஜட் ஒரு முழுப் பக்கத்துக்கு மெனோரா படத்தை அச்சிட்டது. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளின் ஜன்னல்களில் அந்தப் படம் ஏறியது. எந்த வீடு யூதர் வீடு என்று கல்லெறிபவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனது.

ஜெர்மனியில் வுன்ஸீடல் என்ற சிற்றூருக்கு ஆண்டுதோறும் நவ நாஜிகள் ஊர்வலம் போக வருவார்கள். 2014 நவம்பரில் ஊர்க்காரர்கள் அவர்களைத் தடுக்கவில்லை. நாஜிகள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து யூரோ வீதம், நாஜிக் கும்பல்களை விட்டு வெளியேற நினைப்பவர்களுக்கு உதவும் அமைப்புக்கு நன்கொடை போகும் என்று அறிவித்துவிட்டு, வழியெல்லாம் வாழைப்பழம் வைத்து வரவேற்றார்கள். அன்று பத்தாயிரம் யூரோ சேர்ந்தது.

இவற்றை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் பதில் சொன்னவர்கள் தாக்கப்பட்டவர்கள் அல்லர், மற்றவர்கள். இது முக்கியம். பிரியாணிக் கடைக்காரர் தன் சோறு சுத்தமானது என்று கத்தினால் அது எடுபடாது. பக்கத்துப் பூக்கடை அம்மா, "இருபது வருஷமா நான் இங்கதான் சாப்பிடறேன், எனக்கு மூணு புள்ளைங்க" என்று சொன்னால் எடுபடும்.

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லார் முன்னாலும் அவரை மடக்கினால் அவர் வீம்புக்காகவே அதைப் பிடித்துக்கொள்வார். தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, இது எந்த ஊர்ல நடந்தது? யார் எடுத்தது? முழுசாப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் பாதிச் சூடு இறங்கிவிடும். அவர் கேட்டுக்கொண்ட பிறகு, குழுவில் உண்மையை அவரையே போடச் சொல்லலாம். பொய்யைக் கண்டிக்கிறேன் என்று அந்த வீடியோவையே மறுபடி அனுப்பக் கூடாது. கண்டனத்தை யாரும் படிக்க மாட்டார்கள், படம்தான் மனதில் நிற்கும். நடந்தது இன்னதென்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

அனுப்பும் வேகத்தைக் குறைத்தாலே பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்தியாவில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது.

சட்டமும் கையில் இருக்கிறது. கும்பல் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17இல் உத்தரவிட்டது. வெறுப்புப் பேச்சு என்றால் புகாருக்காகக் காத்திராமல் காவல்துறை தானே வழக்குப் பதிய வேண்டும் என்ற உத்தரவை, 2023 ஏப்ரல் 28இல் எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு மக்களிடையே பகை மூட்டுவதையும், 353ஆவது பிரிவு வதந்தி பரப்பிக் கலவரம் தூண்டுவதையும் தண்டிக்கிறது. புகார் கொடுக்கப் போகிறவர் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், வந்த தேதி, நேரம், எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதையெல்லாம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் அழித்துவிட்டால் சான்றும் போய்விடும்.

தோல் பட்டைக்கு மட்டும் வாய்த்த வசதிகள் சில உண்டு. ஒரு ஷூ கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளையில் ஐம்பது கிராமத்துப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பத்து நிமிடம் பேசினால் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஐம்பது கிராமத்துக்கும் போய்விடும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஜமாஅத்தும் கோயில் கமிட்டியும் சர்ச்சும் இருக்கின்றன. அவற்றின் பெரியவர்கள் பலர் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒருவர் எண் மற்றவர் ஃபோனில் இருக்கும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளியோடு பேச உருது தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். யாருக்கு யார் ஃபோன் செய்வது, யார் போய் நேரில் பார்த்து வருவது, எந்த மொழியில் யார் பேசுவது என்பதை ஊர் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம். கத்வாலில் பலித்தது அந்த முன்னேற்பாடுதான்.

அத்திமூரில் அன்றைக்கு அந்தக் காரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தபோது, அதில் யாராவது ஒருவர் முன்னால் வந்து ஜன்னலோரம் குனிந்திருக்கலாம். உள்ளே இருந்த அம்மா தமிழ் பேசுகிறவர். மொழிபெயர்க்கக்கூட ஆள் தேவைப்பட்டிருக்காது. "எந்தக் கோயிலுக்கும்மா போறீங்க?" என்று கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.